பட்டறையும் பாடசாலையும்

கேள்வி: ஹட்டனில் வாகனம் திருத்தும் கராஜ் நடத்துகிறேன். வேலை தெரிந்த இளைஞர்கள் கிடைப்பதில்லை. அருகிலுள்ள தோட்டப் பாடசாலை மாணவர்களுக்கு வாரத்தில் சில மணி நேரம் கற்பிக்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

பதில்: உங்கள் எண்ணம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. முதலில் அதிபரைச் சந்தித்து, அவர் வழியாக வலயக் கல்விப் பணிமனையின் எழுத்துமூல அனுமதியைப் பெறுங்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் (11ஆம் தரத்தின் முடிவில் எழுதும் பொதுப் பரீட்சை) சித்தியடையாதவர்களும் தொழிற்பாடங்களைப் பயின்று தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழை நோக்கிச் செல்ல, 2017இல் தொடங்கிய 13 வருடக் கல்வித் திட்டம் வழிசெய்கிறது. அத்திட்டம் அப்பாடசாலையில் நடைபெறுகிறதா என்பதையும் கேட்டறியுங்கள்.

கற்பிக்கும்போது பழுதான ஓர் எஞ்சினைப் பாடசாலைக்கே கொண்டுசென்று, அதைக் கழற்றி, ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது, ஏன் தேய்ந்தது என்று மாணவர்களின் கைகளில் கொடுத்தே விளக்குங்கள். பாகங்களின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழ் எழுத்திலும் எழுதிக் காட்டினால், பிற்காலத்தில் கொழும்பில் வேலைக்குச் சேரும்போதும் அவர்கள் தடுமாறமாட்டார்கள். பெண் பிள்ளைகளையும் கட்டாயம் அழையுங்கள்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். கற்க வரும் பிள்ளையைக் கூலியில்லாத உதவியாளாக மாற்றிவிடாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவர்களை அபாயகரமான வேலையில் ஈடுபடுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே வெல்டிங், பாரம் தூக்குதல் போன்றவற்றை அவர்கள் தள்ளி நின்று பார்த்தால் போதும். உங்களிடம் ஏற்கெனவே பணிபுரியும் அனுபவசாலிகளும், வேலையிலேயே கற்றுக்கொண்ட திறனை, அதாவது முன்கற்றலை, அங்கீகரிக்கும் மதிப்பீட்டின் மூலம் அதே தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழைப் பெறலாம்.