ஹார்டு டிஸ்க் போனால் டிஸ்க்குக்குத்தான் வாரண்டி

ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். வீட்டு கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கியிருக்கிறார். மகளின் காதுகுத்துப் படங்கள், காலமான அப்பாவின் குரல் பதிவுகள், கணவர் பகுதிநேரமாக எடுத்துக்கொடுக்கும் கல்யாண வீடியோக்கள் என எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டார். 14 மாதத்தில் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. கடைக்காரர் மரியாதையில்லாமல் பேசியிருக்கிறார். சர்வீஸ் சென்டரில், பழையதைக் கொடுத்தால் புதிது தருகிறோம், உள்ளே இருந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். பழுதான டிஸ்க்கிலிருந்து பதிவுகளை மீட்டுத்தரும் டேட்டா ரெகவரி நிறுவனம் ஒன்று சென்னையில் 35,000 ரூபாய் கேட்கிறது. 2 டிபி என்று விற்றது ஆரம்பத்திலிருந்தே 1.81 தான் காட்டியது, அதையும் சேர்த்து 5 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா என்பது அவர் கேள்வி.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் வழக்குக்கு உதவுகிற வரி ஒன்றே ஒன்றுதான்: டிஸ்க் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது, யாரும் திறக்கவில்லை.

கடைக்காரர் பேசியதை விட்டுவிடுங்கள், அதற்கு எந்த ஆணையமும் பணம் தராது. 1.81 விஷயத்தையும் விடுங்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, பெட்டியிலேயே அதைப் போட்டிருப்பார்கள். மனுவில் இதை எழுதினால் உங்கள் நல்ல வாதமும் பலவீனமாகத் தெரியும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனு, இந்தத் தொகைக்குப் பொருள் வாங்கியவருக்குக் கட்டணம் இல்லை, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வக்கீலாகிய என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். புது டிஸ்க் தருகிறார்களே என்று பழையதைக் கொடுத்துவிட்டு வருவார்கள், கவுன்ட்டரில் நீட்டிய படிவத்தில் படிக்காமல் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். மாற்றிக்கொடுத்த பிறகு பழைய டிஸ்க் கம்பெனிக்குச் சொந்தம், அது திரும்பி வராது. அப்பாவின் குரலும் அதோடு போய்விடும், குறைபாட்டை நிரூபிக்க இருந்த ஒரே பொருளும் போய்விடும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி, பார்த்த மாத்திரத்தில் தெரியாத குறைபாடு என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அதற்கான கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். அனுப்ப டிஸ்க் இருந்தால்தானே?

இன்னொரு வகை, பக்கத்துக் கடையில் கொடுத்துத் திறந்து பார்ப்பவர்கள். சீல் போனால் வாரண்டி போச்சு, அப்புறம் உற்பத்திக் குறைபாடா, கடைக்காரர் கைபட்டதால் வந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. சத்தம் போடும் டிஸ்க்கில் இலவச ரெகவரி சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் உள்ளே டேட்டா பதிந்திருக்கும் தட்டில் மேலும் கீறல் விழலாம். தயவுசெய்து அதைத் திரும்பச் செருகாதீர்கள்.

இனி 5 லட்சம். கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே சட்டத்தின் 2(22) பிரிவு, பொருளால் வந்த பாதிப்பு எது என்று சொல்லும்போது, அந்தப் பொருளுக்கே வந்த சேதத்தையும் வாரண்டி மீறலால் வந்த சொத்துச் சேதத்தையும் பொருளாதார இழப்பையும் வெளியே வைத்துவிடுகிறது. மன உளைச்சலும் உடல்நலத்துக்கோ சொத்துக்கோ வந்த பாதிப்போடு சேர்ந்து வந்தால்தான் கணக்கில் வரும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனி எழுதியிருக்கும். பாரதி நிட்டிங், டிஎச்எல் வழக்கில், கையெழுத்திட்ட கூரியர் ரசீதில் இருந்த, நஷ்டஈடு 100 டாலருக்கு மேல் இல்லை என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 1996இல் அப்படியே ஏற்றுக்கொண்டது. நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்று வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் அந்த நிபந்தனையே நியாயமற்றது, செல்லாது என்று அறிவிக்க வைக்க மாநில ஆணையம் வரை போக வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி, வேறு பிரதி ஏன் வைக்கவில்லை என்பதாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் இருந்ததை நீங்களே அழித்துவிட்டதால் இருந்தது ஒரே பிரதி, அதை பேக்கப் என்று சொல்ல முடியாது. கல்யாண வீடியோ நஷ்டத்தையும் சேர்த்தால் வணிக நோக்கத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்ற வாதம் கிளம்பும். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவருக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் அதை நிரூபிப்பதிலேயே வழக்கு இழுத்துவிடும்.

அதனால் சமரசம் பேசுங்கள். முதலில் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். சீகேட் என்ற டிஸ்க் கம்பெனியின் சில மாடல்களில் ரெகவரி சேவை வாங்கும்போதே சேர்ந்து வருகிறது, பலர் கவனிப்பதில்லை. அப்படி இல்லையென்றால் கம்பெனிக்கு மெயில் போடுங்கள்: சீரியல் நம்பர், பில் தேதி, சத்தம் வந்த தேதி, ரெகவரி செலவில் பாதியையாவது ஏற்க வேண்டும், ரெகவரிக்காகத் திறந்தாலும் வாரண்டி தொடரும் என்று எழுத்தில் தர வேண்டும். தங்கள் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் திறந்தால் சில கம்பெனிகள் ஒத்துக்கொள்கின்றன. பாதிச் செலவும் புது டிஸ்க்கும் தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், இதைவிட நல்ல தீர்ப்பு உங்களுக்குக் கிடைப்பது கஷ்டம். அவர்கள் பாதியும் தராவிட்டால்கூட அப்பாவின் குரலுக்காக அந்த 35,000 செலவழிக்கத் தகும் என்பது என் கருத்து. மெயில் போய் வந்துகொண்டிருப்பதால் காலவரம்பு நீளாது, 69ஆம் பிரிவுப்படி இரண்டு வருடம், டிஸ்க் நின்ற நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்து வாங்கும்போது ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதில் சிறியதாக இரண்டு வாங்குங்கள். இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருக்கட்டும், ஒன்றை அம்மா வீட்டில் வையுங்கள். விலையைப் பார்ப்பதற்கு முன் வாரண்டி எத்தனை வருடம் என்று பாருங்கள். கடையில் நிற்கும்போதே சீரியல் நம்பரை கம்பெனி தளத்தில் போட்டு, இந்தியாவில் வாரண்டி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மலிவாகக் கிடைக்கும் சில இறக்குமதி டிஸ்க்குகளுக்கு அது இருக்காது. பில்லில் உங்கள் பெயரும் சீரியல் நம்பரும் அச்சாகியிருக்க வேண்டும், கையால் எழுதிய துண்டுச்சீட்டோடு வந்தவர்களுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கம்பெனி பதில் வந்ததும், எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன், அவர்கள் தரும் படிவத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். 'முழுமையான இறுதித் தீர்வு', அதாவது இனி எதுவும் கேட்க மாட்டேன் என்ற வாசகம் அதில் இருந்தால், ரெகவரிப் பணம் கைக்கு வரும் வரை டிஸ்க்கைக் கொடுக்க வேண்டாம்.