விலைக் கவரைப் பிரிக்கவே இல்லை!

கேள்வி: மத்திய அரசுத் துறைமுகம் ஒன்றில் சரக்கு ஏற்றி இறக்க டெண்டர் போட்டோம். அனுபவச் சான்று சரியில்லை என்று விலைக் கவரைப் பிரிக்காமலே தள்ளிவிட்டு, வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: தாராளமாக. உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் ரிட் மனு போடலாம், டெண்டரை ஜெயித்தவரையும் அதில் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் 'எங்கள் விலைதான் குறைவு' என்று போய் நின்றால் எடுபடாது. முடிவு சரியா என்பதல்ல, முடிவெடுத்த முறை சரியா என்றுதான் பார்ப்போம் என 1994-லேயே டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் டெண்டர் ஆவணத்தில் 3 வருட அனுபவம் என்று போட்டுவிட்டு உங்களிடம் மட்டும் 5 கேட்டார்களா, உங்களுக்குக் குறை என்றதை ஜெயித்தவரிடம் கண்டுகொள்ளாமல் விட்டார்களா என்று தோண்டுங்கள். அப்புறம், அவருடைய கிரேன் வந்து வேலை தொடங்கிவிட்டால் தடை வாங்குவது கஷ்டம், இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.