பழைய லாரி எஞ்சினில் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் பாகமான ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகட்டை) மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது, ஹெட்டையும் சோதித்தே ஆக வேண்டும். கேஸ்கெட் பெரும்பாலும் தானாகப் போவதில்லை. எஞ்சின் அளவுமீறிச் சூடாகி ஹெட் வளைந்திருக்கக்கூடும். ஹெட்டில் கேஸ்கெட் படியும் பரப்பின் மேல் நேரான இரும்புப் பட்டையை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே கை வையுங்கள். கூலன்ட்டை வடித்துவிட்டு, ஹெட் போல்ட்டுகளை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். வால்வுகளை இயக்கும் கம்பிகளான புஷ் ராடுகளை வரிசை மாறாமல் ஓர் அட்டையில் குத்தி வைப்பது நல்லது.

பலர் கோட்டை விடுவது போல்ட் துளைகளில்தான். அடிப்பக்கம் மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், முறுக்கும்போது எழும் அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடலாம். கேஸ்கெட் செலவு அப்போது பெரிதாகத் தெரியாது! திரும்ப முறுக்குவது நடுவிலிருந்து வெளிநோக்கி, பல கட்டங்களாக, கையேடு சொல்லும் அளவில், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மட்டும்.