ஈயம் பூசப் போன அண்டா

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

நான் 1974-இல் சென்னையில் பிறந்தவன். ஐஸ் ஹவுஸுக்குப் பின்னால், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்த குடிசைகளில் ஒன்று எங்கள் வீடு. ஓலைக் கூரை, அதன் மேல் தார் ஷீட், சாணம் மெழுகிய மண் தரை, ஒரு விளக்குத் திட்டத்தில் கிடைத்த ஒற்றை பல்பு. அப்பா மீன்பாடி வண்டி ஓட்டினார். அம்மா திருவல்லிக்கேணியில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார், நான் படித்தேன். எனக்குப் பதினான்கு வயதானபோது பெரம்பூர்ப் பக்கம் ஒரு வாடகை அறைக்குக் குடிபோனோம். 1999-இல் கனடா வந்தேன். இன்று எனக்குச் சொந்த வீடு இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தனித்தனி அறை இருக்கிறது.

ஐம்பது வயதைக் கடந்த பிறகு அந்தக் குடிசை என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது. வெயில் காலத்தில் அம்மா வாசலிலும் உள்ளேயும் தண்ணீர் தெளிப்பார். சூடேறிய மண் தரையிலிருந்து எழும் அந்த வாசனை, பனி கொட்டும் இரவில் எங்கிருந்தோ வந்து என்னை எழுப்பிவிடுகிறது. மாலையில் பெரிய பள்ளிவாசலின் பாங்கு கேட்டதும் அம்மா பல்பைப் போடுவார். நாங்கள் நால்வரும் அதன் கீழே உட்காருவோம். சென்ற ஆண்டு சென்னை வந்து அந்த இடத்தைத் தேடினேன். பறக்கும் ரயிலின் தூண்கள்தாம் நின்றன. எங்கள் வீடு எந்தத் தூணுக்குப் பக்கத்தில் இருந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

அக்காவிடம் இதைச் சொல்லி அழுதேன். “அந்த வீட்டை நினைச்சு அழ உனக்கு வெட்கமா இல்லையா? அங்க நான் பட்டது உனக்கு என்ன தெரியும்?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு சரியாகப் பேசுவதில்லை. அப்பாவும் இப்படித்தான் இருந்தார். கூலி கிடைக்காமல் விட்டு ஓடிவந்த திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தின் கிணற்றுத் தண்ணீரைச் சாகும்வரை புகழ்ந்துகொண்டிருந்தார், நான் சிரித்திருக்கிறேன்.

வறுமையில் விட்டு வந்த வீட்டுக்காக ஏங்குவது, அங்கே துன்பப்பட்டவர்களுக்குச் செய்யும் துரோகமா? இது வயிறு நிறைந்தவனுக்கு வரும் சொகுசுதானா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், டொராண்டோ

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் வயதில் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். அந்த உரிமையில் இப்படி அழைக்கிறேன்.

உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். மண் தரையின் வாசனையை எவ்வளவோ அக்கறையோடு எழுதியிருக்கும் நீங்கள், அக்காவின் படிப்பு நின்றதை நான்கே சொற்களில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறீர்கள். குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எட்டு வயதுப் பையனுக்கு அந்த வீடு அப்படித்தான் தெரிந்திருக்கும். உங்களைவிடச் சில வயது மூத்த ஒரு பெண்ணுக்கு அதே வீட்டில் வேறு கணக்குகள் இருந்திருக்கும்: விடியுமுன் குழாயடியில் குடத்தை வரிசையில் வைக்க வேண்டும், கழிப்பிடம் இல்லாத கரையில் இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும், தட்டிக் கதவுக்குப் பின்னால் உடை மாற்றும்போது யார் நடந்துபோகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் குளிர்ச்சியாக நினைத்துப் பார்க்கிற, தரையில் தெளித்த அந்தத் தண்ணீரை யார் சுமந்து வந்தார்கள் என்று அக்காவைக் கேட்டுப் பாருங்கள்.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில் வளர்ந்தவள் நான். எட்டுக் குடும்பங்களுக்கு ஒரு குழாய், ஒரு கக்கூஸ். எங்களிடம் இருந்த ஒரே பெரிய பாத்திரம் அம்மா சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டா. ஆண்டில் இரண்டு முறையாவது அது காணாமல் போகும். எங்கே என்று கேட்டால், ஈயம் பூசப் போயிருக்கிறது என்பார் அம்மா. சில வாரங்கள் கழித்து அப்பா அதைத் தோளில் சுமந்துகொண்டு வருவார். அன்றைக்கு வீட்டில் பாயசம் இருக்கும். நான் ஓடிப்போய் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்ப்பேன். ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறம் வெள்ளி மாதிரி பளபளக்க வேண்டும் அல்லவா? எங்கள் அண்டா மட்டும் போனதைவிடக் கறுத்துத் திரும்பி வரும். “நல்லா பூசலை போலிருக்கு” என்று சொல்லிவிட்டு, அம்மா புளியும் சாம்பலும் போட்டு அதைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். அவர் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, நூல் போட்டுக் கட்டிய ஒரு கத்தை அடகுச் சீட்டுகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒரே பொருள்: பித்தளை அண்டா, ஒன்று.

அந்தச் சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் பாயச நாள்கள் பொய்யாகிவிட்டனவா என்று அன்று என்னையே கேட்டுக்கொண்டேன். பொய்யாகவில்லை. எனக்குப் பாயசம் இனித்தது நிஜம். சேட்டுக் கடை வாசலில் அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றிருப்பார் என்பதும் நிஜம். இரண்டாவதை எனக்குத் தெரியவிடாமல் அவர் ஓயாமல் பாடுபட்டதனால்தான் முதலாவது எனக்குக் கிடைத்தது. தம்பி, நீங்கள் ஏங்குகிற வீடும் அப்படி யாரோ உங்களுக்காகக் கட்டிக் காத்த வீடுதான். கட்டியவர்களில் உங்கள் அக்காவும் ஒருவர். ஆகவே உங்கள் ஏக்கம் துரோகம் இல்லை. அக்காவின் கோபமும் நியாயமானது. அந்தக் கோபத்தைச் சமாதானப்படுத்த முயலாதீர்கள்; அதைக் கேளுங்கள்.

இந்த ஏக்கம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. வசதியுள்ளவர்கள் விட்டுவந்த பூர்விக வீட்டுக்குப் பட்டா இருக்கும், கல்யாணப் புகைப்படத்தின் பின்னணியில் அதன் தூண் தெரியும், பங்கு கேட்டு வழக்காவது நடக்கும். கால்வாய்க் கரைக் குடிசைக்கு இவற்றில் எதுவும் கிடையாது. அது இருந்தது என்பதற்கு உங்கள் குடும்பத்தில் எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு பேரின் நினைவைத் தவிர வேறு சாட்சி இல்லை. நினைவு மட்டுமே சாட்சி என்றாகும்போது அது தூங்க மாட்டேன் என்கிறது. நள்ளிரவில் வந்து உங்களை எழுப்புகிறது.

அந்தக் கரையின் கதையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற, சுமார் 8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாய்ப் பகுதி 1877-78-இல், தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே அந்தப் பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசிக்குக் கூலியாக மண் வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர்தான் கால்வாய்க்கு நிலைத்தது. ஊரையும் வீட்டையும் போட்டுவிட்டு வந்த பசித்த மனிதர்கள் வெட்டிய கரையில்தான், நூறு ஆண்டுகள் கழித்துக் கூலி தேடி வந்த உங்கள் அப்பா ஓலை வேய்ந்திருக்கிறார். தன் ஊர்க் கிணற்றை அவர் புகழ்ந்தபோது நீங்கள் சிரித்ததற்காக இப்போது வருந்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். சிறுவர்கள் சிரிப்பார்கள், அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும்.

பறக்கும் ரயில் 1995-இல் சேப்பாக்கம் வரைக்கும் 1997-இல் திருமயிலை வரைக்கும் ஓடத் தொடங்கியது. கால்வாயை ஒட்டியே, பல இடங்களில் கால்வாய்க்குள்ளேயே, அதற்குத் தூண்கள் எழுப்பப்பட்டன. நீங்கள் கரையை விட்டுப் போய்விட்டீர்கள். எல்லோரும் அப்படிப் போகவில்லை. 2000-க்குப் பிறகு நகரத்து நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள கண்ணகி நகருக்கும், பின்னாளில் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அங்கே நான் சந்தித்த ஒரு பெண்மணி திருவல்லிக்கேணியில் வீட்டு வேலை செய்தவர். “அங்க இருந்தப்போ வேலைக்கு நடந்து போவேன். பிரசவம்னா கோஷா ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். இப்போ பஸ் மாறி மாறிப் போறதுக்குள்ள பாதி நாள் போயிடுது” என்றார். கான்கிரீட் கூரை, கழிப்பறை, கதவுக்குத் தாழ்ப்பாள் எல்லாம் இருந்தும் பழைய கரைக்காக அவர் ஏங்கினார். வேலையும் மருத்துவமனையும் பிள்ளையின் பள்ளியும் 20 கிலோமீட்டர் அளவுக்கு விலகிப் போய்விட்டதால் வந்த ஏக்கம் அது.

இந்த இடத்தில் என் கருத்தை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். ‘அந்தக் காலத்தில் ஏழ்மையிலும் எவ்வளவு நிம்மதி’ என்று எழுதுகிறவர்களைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் அக்கா பட்டதை அவர்கள் இல்லையென்று ஆக்குகிறார்கள். அதே அளவு கோபம், ‘அது வெறும் நரகம், அங்கே என்ன இருந்தது?’ என்று கேட்பவர்கள் மீதும் வருகிறது. அங்கே எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டால், அங்கிருப்பவர்களை ஒரே நாளில் லாரியில் ஏற்றி எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் இறக்கிவிடலாம் அல்லவா? ஒரு குடம் தண்ணீருக்குச் சண்டையிட்டவர்கள் மழை இரவில் ஒருவர் பிள்ளையை மற்றவர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஒரே பல்பின் கீழே ஒருவன் படித்து ஆளானான் என்று உங்களால் சொல்ல முடியும். கழிப்பிடம் இல்லாத இரவுகளை உங்கள் அக்காவால்தான் சொல்ல முடியும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த வீடு முழுதாகும்.

எனவே தனியாக அழுவதை விட்டுவிட்டு அக்காவுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். ‘நீ பட்டது எனக்குத் தெரியாதுதான், சொல்லு அக்கா’ என்று மட்டும் கேளுங்கள். ஒரே அழைப்பில் எல்லாம் வராது. பல மாதங்கள் ஆகலாம். குழாயடி எந்தப் பக்கம் இருந்தது, அடுத்த குடிசையில் யார் இருந்தார்கள், அவர்கள் எங்கே போனார்கள், எந்த ஆண்டு மழையில் கூரை போனது என்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். இடையில் உங்கள் வாசனையையும் உங்கள் பாங்கு ஓசையையும் கொண்டுவந்து குறுக்கே வைக்காதீர்கள். அவர் கேட்டால் அப்போது சொல்லலாம்.

வீடு எந்தத் தூணுக்குப் பக்கத்தில் இருந்தது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. தினமும் இருட்டில் குடத்தோடு நடந்தவருக்குக் குழாயடியிலிருந்து வாசல்வரை எத்தனை அடி என்று கால் அறியும். அடுத்த முறை சென்னைக்கு வரும்போது எழுதுங்கள். திருவல்லிக்கேணி ரயில் நிலையத்தருகே மாலை பாங்கு சொல்லும் நேரத்தில் நானும் வந்து நிற்கிறேன். அக்காவையும் அழைத்து வாருங்கள். அவருக்கு வர மனமிருந்தால் மட்டும்.

அன்புடன்.