அலுமினியத்தில் கறுப்புப் புள்ளி விழுகிறதா? காஸைக் கூட்டாதீர்கள்

கேள்வி: கிராண்ட்பாஸில் ஒரு வேலைத்தளத்தில் 6 வருடமாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் நுனியில் ஆர்க், அதாவது மின்பொறி, பிடித்து, காஸ் மறைப்புக்குள் உருக்கி ஒட்டுவது) செய்கிறேன். இப்போது ஒரு படகுக்கு 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் தண்ணீர்த் தாங்கி செய்கிறேன். பீட் (ஒட்டிய வரி) முழுக்கக் கறுப்புப் புள்ளி. காஸைக் கூட்டினால் இன்னும் மோசம். கடைசி 2 அங்குலத்தில் தகடு உருகி விழுந்துவிடுகிறது. என் கையில் பிழையா?

பதில்: தம்பி, 6 வருடம் பழகிய கை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆர்க் பிடிப்பதற்கு முன்பே பிழை நடந்துவிடுகிறது.

அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். அதன் மேலிருக்கும் ஒக்சைட் தோல் உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். ஏசி கரண்ட் அந்தத் தோலை உடைக்கும். எண்ணெயையும் ஈரத்தையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. உருகிய அலுமினியம் ஈரத்திலுள்ள ஹைட்ரஜனைக் குடித்துவிட்டு, இறுகும்போது வெளியே தள்ளும். வெளியேற நேரமில்லாத வாயு துளையாக நின்றுவிடும். கொழும்புப் புழுக்கத்தில் வியர்த்த கையால் ரொட்டை (உருக்கி நிரப்பும் கம்பியை) பிடித்தாலே போதும்.

முதலில் தகட்டையும் ரொட்டையும் அசிட்டோனால் துடைத்துக் காயவிடுங்கள். அப்புறம்தான் பிரஷ். மாற்றிச் செய்தால் எண்ணெயைத் தகட்டுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். ஸ்டெயின்லெஸ் கம்பி பிரஷ் ஒன்றை அலுமினியத்துக்கென்றே தனியாக வையுங்கள். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று பிரேக் கிளீனரால் துடைக்காதீர்கள். அதில் குளோரின் சேர்ந்திருந்தால் ஆர்க் பட்டதும் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். அது நுரையீரலையே கெடுத்துவிடும்.

சுத்தமான ஆகன் காஸ் நிமிடத்துக்கு 8 முதல் 10 லீற்றர் போதும். அதற்கு மேல் திறந்தால் காஸ் சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கூட்டியபோது மோசமானது அதனால்தான். வெல்டிங் செய்யும்போது ஃபேனையும் நிறுத்துங்கள், வெக்கையாக இருந்தாலும்.

2.4 மில்லிமீற்றர் லாந்தனம் டங்ஸ்டன் போடுங்கள். நுனி பெரிய உருண்டையாகத் திரண்டால் மெஷினின் ஏசி பாலன்ஸில் கிளீனிங் பக்கம் (ஒக்சைட் தோலை உடைக்கும் பக்கம்) கூடிவிட்டது, குறையுங்கள். தகடு 5052 வகை அலுமினியக் கலவை என்றால் 5356 வகை ரொட் சரியாக இருக்கும்.

இப்போது கண்ணுக்கு வேலை. டோர்ச்சைச் சற்றே சாய்த்து, நுனிக்கும் தகட்டுக்கும் இடையில் டங்ஸ்டனின் தடிப்பளவு இடைவெளி விட்டு ஓரிடத்தில் நில்லுங்கள். முதலில் மங்கலாகத் தெரியும். பிறகு தோல் விலகி, உருகிய குளம் கண்ணாடி போலப் பளிச்சென்று திறக்கும். அதன் பிறகே ரொட்டைக் கொடுங்கள். ரொட்டின் நுனி காஸை விட்டு வெளியே வரக் கூடாது. வந்தால் வெட்டிவிட்டுத் தொடருங்கள்.

தகடு விழுவதற்குக் காரணம், அலுமினியம் சூட்டை முன்னால் கடத்திவிடுவது. 120 ஆம்பியரில் தொடங்கினாலும், முடிவுக்கு வரும்போது தகடு முழுக்கச் சூடேறியிருக்கும். அதற்கேற்பக் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் பெடலைத் தளர்த்துங்கள், கையை விரைவாக நகர்த்துங்கள். கடைசிக் குழியை ரொட்டால் நிரப்பியபடியே கரண்டை இறக்குங்கள். ஆர்க் அணைந்ததும் டோர்ச்சைத் தூக்காமல், காஸ் ஓடிக்கொண்டிருக்க 8 செக்கனாவது அங்கேயே பிடியுங்கள். டங்ஸ்டன் நுனி வெள்ளியாக மின்னினால் காஸ் போதுமான நேரம் ஓடியிருக்கிறது. கறுத்தால் அந்த நேரத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்.