காலாவதியான பயிற்றுநர் சான்றிதழை இலகு ரக விமானத்தில் மீட்க முடியுமா?

2019-ல் காலாவதியான எஃப்.ஏ.ஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) விமானப் பயிற்றுநர் சான்றிதழை, பக்கத்து விமானத் திடலில் உள்ள இலகு ரக விமானத்தில் ஒரு பயிற்றுநரோடு பறந்து சோதனை முடித்து மீட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சோதனை மட்டும் போதாது. ஒரு பயிற்றுநர் பரிந்துரைக்க, இன்னொருவர் சோதிக்கும் அந்த ஏற்பாடு, உயிரோடு இருக்கும் சான்றிதழில் ஸ்போர்ட் பைலட்களுக்கு (சிறிய விமானங்களுக்கான எளிய உரிமம் உள்ளவர்கள்) கற்பிக்கும் உரிமைகளைக் கூட்டுவதற்கு. காலாவதியானதை எழுப்ப, செய்முறைத் தேர்வுதான் வேண்டும்.

2024 டிசம்பரிலிருந்து புதுச் சான்றிதழ்களில் காலாவதித் தேதியே இல்லை, அவ்வப்போது காட்ட வேண்டிய அண்மை அனுபவத்தைத் தவறவிட்டால் மூன்று மாதம் சலுகையும் உண்டு. ஆனால் உங்களுக்கு அதெல்லாம் தாண்டிப்போய்விட்டது.

சரி, ஆனால் அந்த விமானத்தை விட்டுவிடாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருந்த ஒற்றை என்ஜின் ரேட்டிங்கிற்கே (எந்த வகை விமானத்தில் கற்பிக்கலாம் என்ற தகுதி) செய்முறைத் தேர்வு கொடுங்கள், அதை அந்த விமானத்திலேயே பறந்து முடிக்கலாம். இந்தத் தேர்வுக்கு, பறக்கும்போது சக்கரங்களை உள்ளிழுக்கும் விமானம் வேண்டும் என்ற கட்டாயத்தை எஃப்.ஏ.ஏ 2018-லேயே எடுத்துவிட்டது. பழைய ரேட்டிங்குகளில் ஒன்றில் தேறினாலே மற்றவையும் திரும்பிவிடும்.

தேர்வு நடத்துபவரிடம் முதலிலேயே விமானத்தின் பெயரைச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். எடைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். பழைய இலகு ரக விமானங்களுக்கு புறப்படும்போதைய மொத்த எடையின் உச்சவரம்பு 1,320 பவுண்டு, நீங்களும் தேர்வு நடத்துபவரும் கொஞ்சம் கனமென்றால் எரிபொருளைத்தான் குறைக்க வேண்டிவரும். அப்புறம், பயிற்றுநர் உட்காரும் வலது இருக்கையில் உட்கார்ந்து தரையிறக்கத்தைப் பேசிக்கொண்டே செய்து பழகுங்கள். இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு முதலில் தடுமாறுவது அதுதான்.