பச்சை வலை போதாது, முள் கட்டுங்கள்

ஏரிக்கரையில் வைத்த வேம்பு, பூவரசங் கன்றுகளைப் பச்சை வலை கட்டியும் ஆடுகள் மொட்டையடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். வலை வெயிலுக்குத்தான் ஆகும். வெள்ளாடு முன்னங்காலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் குச்சியோடு சாய்ந்துவிடும்.

சீமைக்கருவேலம் பக்கத்திலேயே இருக்குமே, அதை வெட்டுங்கள். கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளி மூன்று கம்பு ஆழமாக ஊன்றி, முள்கிளைகளை நெருக்கமாகச் சாய்த்துக் கம்பியால் இறுக்குங்கள். உயரம் ஐந்தடிக்குக் குறையக் கூடாது. ஆடு பின்னங்காலில் நின்று எட்டும். காய் உள்ள கிளை மட்டும் வேண்டாம். அந்தக் காய்க்காகவே ஆடு தேடி வரும், விதை விழுந்து கன்றைச் சுற்றியும் முளைக்கும். முள் காய்ந்து உதிர உதிரப் புதுசு சேர்க்க வேண்டும், அது ஒரு வேலைதான்.

மொட்டையான வேம்பைப் பிடுங்காதீர்கள். தண்டு பச்சையாக இருந்தால் தண்ணீர் விட விடத் துளிர்க்கும். பூவரசுக்கு இளங்கன்றை விட, ஆளுயரத்துக்கு மேல் போத்து, அதாவது தடித்த கிளை, வெட்டி நடுவது நல்லது. புங்கனையும் சேருங்கள், ஆடு அதை அவ்வளவாகத் தொடாது. ஆடு கடிக்காமலிருக்க இலையில் சாணிக் கரைசல் தெளிக்கலாம், ஆனால் ஒரு மழை பெய்தால் போச்சு.

அப்புறம், ஆடு மேய்க்கிறவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முள் வெட்ட அவரையே கூலிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள்.